மார்மன்களுக்கு எத்தனை மனைவி?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அங்கே மார்மன்கள் அதிகமாமே? ஆளுக்கு நான்கைந்து மனைவிகள், காபிகூடக் குடிக்க மாட்டார்கள் என்கிறார்கள். இந்தக் காலத்திலும் இப்படியொரு மதத்தை அந்த நாடு எப்படி விட்டுவைத்திருக்கிறது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மனைவிகள் விஷயத்தில் நீங்கள் 130 ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறீர்கள். அந்த நாடு விட்டுவைக்கவும் இல்லை. 1887-இல் பலதார மணத்துக்கு எதிராகச் சட்டம் போட்டு மார்மன் சபையின் சொத்தில் கைவைத்தார்கள். 1890 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தை நிறுத்தி அறிக்கை விட்டார். கடவுள் காட்டிய வழி என்பது அவர்கள் தரப்பு. இடையில் உள்ள நான்கு மாதத்தை எண்ணிப் பார்த்து நீங்கள் புன்னகைத்தால் நான் தடுக்க மாட்டேன். இன்று இரண்டாவது மனைவி வைத்திருப்பவரைச் சபை வெளியேற்றிவிடும். பழைய வழக்கத்தை விடாதவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்கள். 'மார்மன்' என்ற பெயரையே 2018 முதல் தலைமை விரும்புவதில்லை. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப் பெயர் சொல்ல வேண்டுமாம். இந்தப் பக்கத்தில் இடம் குறைவு, மன்னிப்பார்களாக.

காபி உண்மைதான். 'சூடான பானங்கள்' ஆகாது என்று 1833-இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சொன்னதற்குக் காபி, தேநீர் என்று பொருள் கொண்டார்கள். ஆனால் கொதிக்கும் சாக்லேட் பானம் குடிக்கலாம், ஐஸ் போட்ட காபி கூடாது, கோலாவுக்குத் தடையில்லை. ஏகாதசியன்று சோறு ஆகாது, ரவை உப்புமா ஆகும் என்று வாழ்கிற நாம் இதற்குச் சிரிக்க வழியில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இவர்களுக்குத் திருமணம் என்பது சாகும்வரைக்கும் மட்டும் அல்ல. ஆலயத்தில் செய்துகொண்டால் செத்த பிறகும் நீடிக்கும். அந்த ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆயர் என்றால் சம்பளம் வாங்கும் பாதிரியார் அல்ல, பக்கத்துத் தெருப் பல் மருத்துவராகவும் இருக்கலாம். விசுவாசம் உண்டா, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) சரியாகக் கொடுக்கிறாயா, ஒழுக்கம் எப்படி, எல்லாம் கேட்பார். காபியும் அதில் சேரும். தேறாதவருக்குச் சீட்டு இல்லை. சபையை விட்டு விலகிய அப்பாவும், சபையில் சேராத அம்மாவும் பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்க்க முடியாது. தோட்டத்தில் காத்திருந்து, மணமக்கள் வெளியே வந்ததும் புகைப்படத்துக்கு நிற்கலாம். பந்தியில் ஓர் இலை தள்ளிப் போட்டதற்குப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் சம்பந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பார்க்கட்டும் என்று வெளியே முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டால், அமெரிக்காவில் ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாவா, ஆலயமா என்று இருபத்திரண்டு வயதுப் பெண் முடிவு செய்ய வேண்டிய நிலை. 2019 மே மாதம்தான் அந்த விதியை எடுத்தார்கள். பலதார மணத்தைக் கைவிட்டு 129 ஆண்டுகள் கழித்து!

இதே மக்கள்தான் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, மிச்சமான சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பவர்கள். உங்கள் மகன் காய்ச்சலில் படுத்தால் சூப்போடு கதவைத் தட்டுபவரும் அநேகமாக அவர்களில் ஒருவராகவே இருப்பார். எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அதை வைத்தே எந்தக் கூட்டத்தோடு வழிபடுவது என்பதும் முடிவாகிறது. அதனால்தான் நம்பிக்கை போனவருக்கு ஞாயிற்றுக்கிழமையோடு அக்கம்பக்கமும் போய்விடுகிறது.

மகனை யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் மாலை வரவேற்புக்குத் தாராளமாகப் போகட்டும். ஆலயத்துக்குள் விடவில்லையே என்று மனத்தாங்கல் வேண்டாம். வெளியே அவன் பக்கத்தில் பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருக்கக்கூடும்.