கிரீன்ஸ்பர்க்கின் காலி மனைகள் (கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்புகளில் கான்சாஸ் மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். ‘2007இல் டொர்னாடோ அடித்துப் போட்ட ஊர். புதுக் கட்டடங்களைவிடக் காலி மனைகள்தான் கண்ணில் நிற்கின்றன’ என்று. நான் மூன்று வருடமாக விச்சிட்டாவில் இருக்கிறேன். அந்த வரிகளைப் படித்துவிட்டுப் போன மாதம் மனைவி, மகளோடு காரில் போய்ப் பார்த்து வந்தேன். மேற்கே இரண்டு மணி நேரம்கூட இல்லை.

எனக்கு உங்களைப் போலத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நகராட்சி அலுவலகம் எல்லாமே பசுமைக் கட்டடங்கள். ஊருக்கு வெளியே பத்துக் காற்றாடிகள். அவை நம் சுஸ்லான் கம்பெனியின் காற்றாடிகள் என்று தெரிந்ததும் சிலிர்த்துவிட்டது. நான் நாகர்கோவில்காரன், முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவன். ஊரை அழித்த காற்றே இன்று ஊருக்கு விளக்கேற்றுகிறது. இதில் ஒரு கவித்துவ நீதி இல்லையா? நீங்கள் ஏன் காலி மனைகளையே பார்த்தீர்கள்?

இன்னொன்றைத் தயங்கித்தான் கேட்கிறேன். அங்கே இறந்தவர்கள் 11 பேர். நம் பக்கத்தில் ஒரு புயலில் ஆயிரக்கணக்கில் போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்தது என்பதால்தானே இது வரலாறாகிறது?

கடைசியாக, சொந்தப் பயம் ஒன்று. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பேஸ்மென்ட் கிடையாது. திங்கள் மதியம் சைரன் சோதனை நடந்தாலே நாலு வயது மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். என்ன செய்வது?

உங்கள் வாசகர்
விச்சிட்டா

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

தயங்கிக் கேட்ட கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 11 தானாக வந்த எண் அல்ல. உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே யூடால் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1955 மே 25 அன்று இரவு பத்தரை மணி வாக்கில் அங்கே டொர்னாடோ இறங்கியது. அறுநூறு பேர் வாழ்ந்த ஊரில் சுமார் எண்பது பேர் இறந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, பலர் படுக்கையில் இருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்புவரை அமெரிக்க வானிலைத் துறை தன் முன்னறிவிப்புகளில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே தவிர்த்து வந்தது. மக்கள் பீதியடைவார்களாம்! அதிகாரிகளுக்கு மக்களின் பீதியைப் பற்றி இருக்கும் பீதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.

கிரீன்ஸ்பர்க்கில் டொர்னாடோ நுழைந்தது 2007 மே 4, இரவு 9:45 வாக்கில். அதன் அகலம் 2.7 கிலோமீட்டர், ஊரைவிடப் பெரியது. காற்று மணிக்கு 330 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று சேதத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அமெரிக்கா டொர்னாடோவின் வலுவைக் குறிக்கப் புதிய அளவுகோலுக்கு மாறியிருந்தது. அதன் உச்சப் படியான ஈஎஃப்-5 முதன்முதலில் விழுந்தது இந்த ஊர் மேல். கட்டடங்களில் 95 சதவீதம் போயிற்று. இத்தனையும் நடந்து 11 பேர்தான் இறந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ரேடார், டாட்ஜ் சிட்டி வானிலை அலுவலகம் விடுத்த உச்சக்கட்ட எச்சரிக்கை, மின்சாரம் போகும்வரை சுமார் இருபது நிமிடம் ஓயாமல் ஊதிய சைரன், அப்புறம் வீட்டுக்கு வீடு இருந்த நிலவறை. சைரனைக் கேட்டதும் கீழே இறங்கினார்கள். ஏறி வந்தபோது வீடு இல்லை, வானம்தான் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்ததாக அறியப்படும் டொர்னாடோ வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று தௌலத்பூர், சாத்தூரியா பகுதியில் அடித்தது. சுமார் 1300 பேர். நெருக்கமான ஊர்கள், தகரக் கூரைகள். அங்கே சைரனும் இல்லை, ஓடி ஒளிய நிலவறையும் இல்லை. சாத்தூரியா பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அந்த அளவில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை கிரீன்ஸ்பர்க்காரர்கள் மேல் காட்டுவதில் பயனில்லை.

சொல் விஷயத்திலும் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. நம் பத்திரிகைகளில் வங்காள விரிகுடாப் புயலும் சூறாவளி, கான்சாஸ் டொர்னாடோவும் சூறாவளி. மீனவர்களுக்கான அறிவிப்பில் மணிக்கு 45 கிலோமீட்டரில் வீசுவதும் ‘சூறாவளிக் காற்று’. இலங்கைப் பத்திரிகைகள் ‘மினி சூறாவளி’ என்று எழுதுகின்றன, அது பரவாயில்லை என்று தோன்றும். நான் டொர்னாடோ என்றே எழுதுகிறேன். புயல் சில நூறு கிலோமீட்டர் அகலத்தில், நாட்கணக்கில் அறிவித்துவிட்டு வருவது. இது ஒரே இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்கி, ஒரு தெருவை நிமிடங்களில் முடித்துவிட்டுப் போவது.

இப்போது உங்கள் கவித்துவ நீதிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் அது அதே காற்று அல்ல. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வரும் ஈரக்காற்றும் மேற்கு மேட்டு நிலத்தின் வறண்ட காற்றும் சந்தித்து, உயரம் கூடக்கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறும் நாளில், இடிமேகமே சுழல ஆரம்பிக்கிறது. அதில் பிறப்பது டொர்னாடோ. காற்றாடிக்கு வேண்டியது சமவெளியில் தினமும் வீசும் சாதாரணக் காற்று. மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றாடி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்பது முப்பந்தல்காரரான உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இரண்டாவது, கணக்கு. பத்துக் காற்றாடிகள், ஒவ்வொன்றும் 1.25 மெகாவாட், மொத்தம் 12.5. அது சுமார் 4,000 வீடுகளுக்குப் போதும் என்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? 740. வீடுகள் அல்ல, ஆட்கள். 2000இல் 1,574 பேர் இருந்தார்கள். 2010இல் அது 777 ஆகியிருந்தது.

நான் காலி மனைகளைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். டொர்னாடோ அந்த ஊரில் கொன்றவர்களைவிட அனுப்பிவைத்தவர்கள் பல மடங்கு. கான்சாஸின் பல விவசாய ஊர்களைப் போல அதுவும் ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்த ஊர்தான். 1960இல் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். பிள்ளைகள் படித்து வெளியேற, வயதானவர்கள் பழைய மரவீடுகளில் தங்கியிருந்தார்கள். கடன் அடைந்த வீடு, மளிகைக்கடை நடக்கிற தூரத்தில், அது போதும் அவர்களுக்கு. அந்த வீட்டுக்குக் காப்பீடு கொடுக்கும் தொகையில் புது வீடு எழுப்ப முடியாது. எழுபத்தைந்து வயதில் யார் வங்கிக் கடன் எடுப்பார்கள்? பக்கத்து பிராட்டுக்கோ, மகன் வேலை பார்க்கும் ஊருக்கோ போய்விட்டார்கள். பல பத்து வருடங்களில் சொட்டுச் சொட்டாக நடந்திருக்க வேண்டியது ஒரே இரவில் நடந்து முடிந்தது.

தங்கியவர்கள் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களைப் போலவே எனக்கும் வியப்புதான். பரம்பரையாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் விவசாயிகளின் பகுதி அது. ‘பசுமை’ என்றாலே ஏதோ நகரத்துக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்கள். (ஊர்ப் பெயரில் இருக்கும் கிரீனுக்கும் பச்சைக்கும் சம்பந்தம் கிடையாது. ‘கேனன்பால்’ கிரீன் என்று கோச்சு வண்டிச் சேவை நடத்திய ஒருவரின் பெயர் அது.) அவர்களிடம் போய் புவி வெப்பமாதல், துருவக் கரடி என்று பேசினால் எடுபடாது. 2008இல் மேயரான பாப் டிக்சன் வேறு மாதிரி பேசினார். நம் தாத்தாக்கள் காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், இருப்பதை வைத்துச் சிக்கனமாக வாழ்ந்தார்கள், அவர்கள்தான் முதல் பசுமைக்காரர்கள் என்றார். அது எடுபட்டது. அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், பெரிய நகராட்சிக் கட்டடங்கள் எல்லாம் பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் லீட் பிளாட்டினம் என்ற உச்சச் சான்றிதழுக்குத் தக்கதாகத்தான் கட்டப்பட வேண்டும் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. அமெரிக்காவில் வேறெந்த ஊரும் அதுவரை செய்யாத காரியம். ஊரே கூடாரத்திலும் டிரெய்லரிலும் கிடந்தபோது எடுத்த முடிவு என்பதை மறக்கக் கூடாது.

ஒபாமா 2009இல் நாடாளுமன்றத்தில் பேசியபோது கிரீன்ஸ்பர்க்கை உதாரணம் காட்டினார். தொலைக்காட்சித் தொடர் வந்தது. பார்க்க வருகிறவர்கள் கட்டடத்தைப் படம் பிடித்தார்கள். போனவர்களைப் படம் பிடிக்க முடியாது அல்லவா? நான் அங்கே நடந்தபோது நடைபாதையிலிருந்து நாலு சிமெண்ட் படிகள் ஏறின, மேலே புல். இன்னொன்றும் கவனித்தேன், நீங்கள் பார்த்தீர்களா தெரியவில்லை. அந்தத் தெருக்களின் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது.

கிணறு பற்றி நீங்கள் எழுதவில்லையே! 1887, 88இல் ரயிலுக்கும் ஊருக்குமாகத் தோண்டியது. 109 அடி ஆழம், 32 அடி அகலம். உலகிலேயே கையால் தோண்டிய மிகப் பெரிய கிணறு என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்த ஆழத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் பருத்திக்காட்டு கிணறு ஒன்றைக் காட்டினால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அவர்கள் பெருமை அவர்களுக்கு. மேலே இருந்த அருங்காட்சியகத்தை டொர்னாடோ நொறுக்கிவிட்டது. அங்கே வைத்திருந்த ஆயிரம் பவுண்டு விண்கல்லைக் காணோம் என்று பயந்து, கடைசியில் இடிபாடுகளுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். கிணறு மட்டும் அப்படியே இருந்தது. பள்ளத்தைக் காற்று என்ன செய்யும்?

உங்கள் மகளுக்கு வருகிறேன். பேஸ்மென்ட் இல்லாவிட்டால் கட்டடத்தின் தரைத்தளம், வெளிச்சுவரை ஒட்டாத, ஜன்னல் இல்லாத சிறு அறை. பெரும்பாலும் குளியலறை அல்லது துணி அலமாரி அறை. நீங்கள் மாடியில் இருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், சைரன் ஊதும்போது அல்ல. தலைக்கு ஹெல்மெட் வையுங்கள், சைக்கிள் ஹெல்மெட் போதும். ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பழைய கட்டுக்கதை. காரில் ஏறி மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் ஆபத்து, அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, தூக்கத்தில் கேட்காமல் போகலாம். அதனால் பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைப் படுக்கையருகே வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

திங்கள் மதியம் சைரன் ஊதும்போது அவளை அந்தச் சிறு அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து ஒரு கதை சொல்லுங்கள். சைரன் முடிந்ததும் வெளியே வந்து சாப்பிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வாரம் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

அன்புடன்