நோட்ஸை மூடிவிட்டு எதைப் படிப்பது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் முதுகலை) சேர்ந்திருக்கிறேன். முதலாம் ஆண்டு. வகுப்பில் நோட்ஸ் தருகிறார்கள், தேர்வுக்குக் கைடு இருக்கிறது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளை ஐந்து வரியாக மனப்பாடம் செய்தாகிவிட்டது. வெளிநாட்டில் இதே படிப்பைப் படிக்கும் என் சித்தி மகள், அங்கே வாரந்தோறும் மூலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து பேசுவோம் என்கிறாள். தனக்குப் பிடித்தது என்று நாலைந்து தலைப்புகளை மளமளவென்று சொல்கிறாள். எனக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. நீங்கள் கல்லூரி நூலகராக இருந்தவர். இந்தத் துறையில் நீங்கள் விரும்பிப் படித்தவை எவை? என் ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் கூகுளும் ஏஐயும் சொல்லிவிடும்போது இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் கேட்கிறான். அவனுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சிலபஸ், புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. பகுப்பு, பட்டியல், கணினி, நிர்வாகம் என்று போய், வாசகர் கடைசியில் ஒரு யூனிட்டாக வருவார். எனக்குப் பிடித்த கட்டுரைகள் எல்லாமே இதைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டவை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, கேட்க வந்ததைக் கேட்கத் தெரியாமல் தயங்குகிறாரே, அந்த மனிதரிலிருந்து அவை தொடங்குகின்றன. அவரை முதலில் புரிந்துகொண்டால் கேட்லாக் எதற்கு, நூலுக்கு எண் எதற்கு என்பது பிறகு தானாகப் புரியும். அதனால் நீங்களும் அந்த வரிசையிலேயே படியுங்கள்.

முதலில் ராபர்ட் டெய்லர். நூலகத்தில் கேள்விகள் எப்படிப் பேசிப் பேசித் தெளிவாகின்றன என்று 1968-இல் 'காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை. அனுபவமுள்ள நூலகர்களைச் சந்தித்துப் பேசிவிட்டு எழுதியது. ஒரு மனிதருக்குள் கேள்வி நான்கு படி இறங்கி வருகிறது என்கிறார். முதலில் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்ற, வாய்க்கு வராத உறுத்தல். அடுத்தது மனதுக்குள் ஓடும் கலங்கலான விவரிப்பு. மூன்றாவது, வாக்கியமாகச் சொல்லக்கூடிய கேள்வி. நான்காவதுதான் நம் காதில் விழுவது: நூலகத்தில் எது கிடைக்கும், இந்த அம்மாவிடம் எதைக் கேட்டால் மரியாதையாக இருக்கும் என்றெல்லாம் யோசித்து, அதற்கேற்ப வெட்டிச் சுருக்கிய கேள்வி.

ஒரு பெரியவர் வந்து "சட்டப் புத்தகம் இருக்காம்மா?" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைக் காட்டிச் சட்ட அடுக்குக்கு அனுப்பிவிடலாம். உட்காரவைத்து, எதற்காக என்று மெல்ல விசாரித்தால், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பட்டா பெயர் மாறாமல் கிடக்கிறது, தாசில்தாருக்கு எப்படி மனு எழுதுவது என்பதுதான் அவருக்கு வேண்டியது என்று தெரியவரும். அவருக்கு ஒரு மாதிரி மனுவும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற விவரமும் போதும். நூலகர் இப்படி விசாரிப்பது எந்தெந்தத் திசையில் போகிறது என்று டெய்லர் ஐந்து சல்லடைகளாகப் பிரித்துக் காட்டுகிறார். எதைப் பற்றி, எதற்காக, கேட்பவர் யார், கேட்டதை நம் அடுக்கின் மொழிக்கு எப்படி மாற்றுவது, எந்த மாதிரிப் பதில் அவருக்கு உதவும். ரெஃபரன்ஸ் மேசையில் உட்காரப்போகிற யாருக்கும் இதைவிடப் பயனுள்ள சில பக்கங்களை நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. தனக்குத் தெரிந்ததை அல்ல, தெரியாததை இன்னொருவருக்கு விவரிக்க முயல்வதுதான் நூலகத்தில் கேள்வி கேட்பது என்கிறார் டெய்லர். தேடல் பெட்டியில் நாம் தட்டுவது நான்காம் படிக் கேள்வியை. எதிரில் இருக்கும் இயந்திரத்துக்கு எது புரியும் என்று யோசித்துச் சுருக்கிய சொற்கள் அவை. இயந்திரம் அதற்குப் பதில் தரும், சரளமாகவே தரும். ஆனால் அந்தப் பெரியவருக்குச் சட்டப் புத்தகங்களின் பட்டியல்தான் கிடைத்திருக்கும். முதல் படிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவர் வேண்டும். 1980-இல் நிக்கோலஸ் பெல்கின் இதே புள்ளியை எடுத்துக்கொண்டு, தன் அறிவில் எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரியாதவருக்குத் தேடுபொறியை எப்படி அமைப்பது என்று எழுதினார். அது கொஞ்சம் வறண்ட நடை. இரண்டாம் ஆண்டில் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக கான்ஸ்டன்ஸ் மெலன், 1986. நூலக அச்சம் பற்றிய கட்டுரை. எளிய ஆங்கிலம், உங்களுக்குத் தடையே இருக்காது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்கள் தங்கள் தேடல் அனுபவத்தைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 மாணவர்கள். அவர்களில் 75 முதல் 85 சதவீதம் பேர் நூலகத்தைப் பற்றிய முதல் உணர்வைப் பயம் என்றே எழுதியிருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் நூலகத்தைப் பயன்படுத்தத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை, அது வெட்கக்கேடு, கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதுதான் அந்தப் பயம். நம் கல்லூரிகளில், வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த ஒரு பிள்ளை நூலக வாசலில் பையை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும்போது, அவள் நெஞ்சில் ஓடுவதும் இதுதான். "என்ன வேணும்?" என்று நாம் கேட்கும் தொனியிலேயே அவள் மறுபடி வருவதும் வராததும் முடிவாகிவிடுகிறது. கரோல் குல்தாவ் இதை மேலே கொண்டுபோய், ஒரு தேடலின் நடுப்பகுதியில் குழப்பமும் சந்தேகமும் கூடுவது இயல்பு என்று மாணவர்களைத் தொடர்ந்து கவனித்துக் காட்டினார். ஆய்வு மாணவர் யாராவது மேசையில் வந்து அழுதால் அவர் வேலை நினைவுக்கு வரும்.

மூன்றாவது, நீங்கள் ஐந்து வரியில் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் புத்தகம். தயவுசெய்து முழுப் புத்தகத்தையும் எடுங்கள்.

ரங்கநாதனும் உங்களைப் போலக் கணிதத்திலிருந்து வந்தவர்தான். சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்து, சில நாளிலேயே சலித்துப்போய்ப் பழைய கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸிடம் படித்தார், பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், திரும்பிய பிறகு கணிதத்துக்குப் போகவே இல்லை. 1931-இல் சென்னை நூலகச் சங்கம் அந்த ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டது.

நோட்ஸில் முதல் விதியாக 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று ஒரு வரி இருக்கும். புத்தகத்தில் அது, ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் அடுக்கோடு பிணைத்து வைத்திருந்த காலத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அங்கிருந்து நூலகம் ஊரில் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசை எப்படி இருக்க வேண்டும், நூலகருக்கு என்ன படிப்பும் என்ன சம்பளமும் வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாமே அந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை. ஒரு கோட்பாட்டிலிருந்து கிளைத்தேற்றங்கள் எடுப்பது போன்ற அந்தப் போக்கு, கணிதம் படித்த உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது இரண்டாம் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒரு அத்தியாயம் போதாமல் போய், அடுத்த அத்தியாயத்துக்கு அந்த விதியின் திக்விஜயம் என்றே பெயர் வைக்கிறார். விதியை ஒரு ஆள்போல உலகம் முழுக்க நடக்கவிடுகிறார். பெண்களுக்கு உண்டா, கிராமத்தாருக்கு உண்டா, பார்வையற்றவருக்கும் சிறையில் இருப்பவருக்கும் கப்பலில் வேலைசெய்பவருக்கும் உண்டா என்று கேட்டுக்கொண்டே போகிறார். எழுத்தறிந்தவர் எண்ணிக்கையே சொற்பமாக இருந்த சென்னை மாகாணத்தில் உட்கார்ந்து 1931-இல் இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய இந்தப் பிடிவாதம் இருக்கிறது. நம் ஊரில் கிளை நூலகம் இருப்பதற்குக் காரணம் அந்தச் சட்டம். அதன் பிறகு நடந்த கதையைத் தமிழிலேயே படிக்க வே. தில்லைநாயகத்தின் 'இந்திய நூலக இயக்கம்' இருக்கிறது.

அடுத்து எல்ஃப்ரிடா சாட்மேன். இவரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். துப்புரவுப் பணியாளர்கள், முதியோர் குடியிருப்பில் இருக்கும் பெண்கள், சிறையில் இருக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தகவல் எப்படி வந்து சேர்கிறது, ஏன் வந்து சேர்வதில்லை என்று அவர்களோடு நீண்ட காலம் பழகி எழுதியவர். முதியோர் குடியிருப்பில் அவர் கண்டது என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பெண்கள் தங்கள் உடல்நலக் கோளாறுகளை ஒருவருக்கொருவர் மறைத்தார்கள். தனியாக வாழ முடியாதவர் என்று தெரிந்துவிட்டால் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம். தகவல் பக்கத்திலேயே இருக்கிறது, உதவ ஆளும் இருக்கிறது, ஆனால் கேட்பதே ஆபத்து. 1996, 1999 ஆண்டுகளில் அமெரிக்கத் தகவல் அறிவியல் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய இரு கட்டுரைகளையும் படியுங்கள். நூலகத்தைத் திறந்துவைத்தால் போதும், மக்கள் தாமாக வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எவரும் அதைப் படித்த பிறகு அப்படி எண்ண மாட்டார்.

இந்த நால்வருக்குப் பிறகு பகுப்பு, பட்டியல் பக்கம் போங்கள். இப்போது அது வேறு மாதிரித் தெரியும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் தரும் டியூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811 என்று உங்களுக்குத் தெரியும். அதே 894-க்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து, மங்கோலிய இலக்கியங்கள். அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு வீடு கொடுத்துவிட்டு, இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் ஒரு மூலை. 1876-இல் அமெரிக்காவில் உட்கார்ந்து உலகைப் பத்தாகப் பிரித்தவருக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இதைப் பற்றிக் கோபமாகவும் கச்சிதமாகவும் எழுதியவர் சான்ஃபோர்ட் பெர்மன். ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வேலைசெய்தபோது, ஒரு நூல் எதைப் பற்றியது என்று கேட்லாக்கில் குறிக்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த பொருள் தலைப்புகளில் இருந்த ஒரு சொல் அங்குள்ள கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை என்பதை உணர்ந்தார். 1971-இல் அப்படிப்பட்ட தலைப்புகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன தவறு, பதிலுக்கு எதை வைக்கலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். குடியேறியவர்களைக் குறிக்க அந்தப் பட்டியலில் இருந்த 'சட்டவிரோத அந்நியர்' என்ற பொருள்படும் தலைப்பு 2021-இல்தான் மாறியது. அந்த மாற்றத்தைக் கேட்டுக் கிளம்பியவர்கள் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள், உங்கள் வயதுக்காரர்கள். கேட்லாக் என்பது எழுதி முடிந்துபோன ஒன்றல்ல, நீங்களும் அதில் கை வைக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்சியா பேட்ஸ், 1989: தேடல் என்பது ஒரே கேள்விக்கு ஒரே பதில் அல்ல, புதர் புதராகப் போய்க் களாப்பழம் பொறுக்குவது மாதிரி, போகப் போகக் கேள்வியே மாறும் என்று காட்டியவர். படிக்க இனிமையானது. சூசன் பிரியே, 1951: காட்டில் ஓடும் மான் ஆவணம் இல்லை, அதைப் பிடித்து வந்து விலங்குக்காட்சிச் சாலையில் வைத்து ஆராய்ந்து எழுதினால் அது ஆவணம் என்று சொன்ன பிரெஞ்சு நூலகர். சின்னப் புத்தகம், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வனேவர் புஷ், 1945: இணைப்புகளால் ஆன அறிவு மேசையைக் கனவு கண்ட கட்டுரை. எல்லாப் பட்டியலிலும் இருக்கும், ஒருமுறை படித்தால் போதும் என்பது என் கருத்து. அதில் வரும் வாசகர்கள் அறிவியலாளர், வழக்கறிஞர், மருத்துவர் போன்ற வல்லுநர்கள்தான்.

கடைசியாக ஃபொபாஸி எட்டார், 2018. வேலைக்குச் சேர்வதற்கு முன் படித்துவிடுங்கள். நூலகப் பணி புனிதமானது என்று எல்லோரும், நாமும், சொல்லிக்கொண்டே இருக்கும்போது, குறைந்த சம்பளத்தையும் கூடுதல் வேலையையும் எதிர்த்துக் கேட்பது பாவம் போல ஆகிவிடுகிறது என்கிறார் அவர். நூலகத்தை நேசிக்கிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. நூலகரின் சம்பளத்தை ரங்கநாதனே முதல் விதிக்குள் வைத்துப் பேசியிருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பற்றிக் கேட்க வேண்டிய நாள் வந்தால் கூசாமல் கேளுங்கள்.

ஆங்கிலம் மெதுவாக ஓடுவது பற்றிக் கவலை வேண்டாம். மெலனில் தொடங்கினால் வேகம் வந்துவிடும், பிறகு டெய்லர். டெய்லரையும் மெலனையும் வெளியிட்ட இதழின் பழைய தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. பேட்ஸ், எட்டார், ரங்கநாதன் நூல் ஆகியவற்றையும் காசு கொடுக்காமல் படிக்கலாம். சாட்மேனுக்கு மட்டும் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்க வேண்டியிருக்கும். வாரம் ஒரு கட்டுரை என்று வைத்து, வகுப்பில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பேசுங்கள். தமிழிலேயே பேசுங்கள். உங்கள் துறை நூலக மேசையில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். டெய்லரைப் படித்துவிட்டுப் போய், வருகிறவர்கள் முதலில் கேட்டது என்ன, கடைசியில் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்ன என்று இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். செமஸ்டர் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பினால் மகிழ்ச்சியாகப் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா