பெற்றவரைத் தேடுகிறவர்கள் கேட்டவை

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர். ஊர் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதி. பெற்ற தாய் தகப்பன் யாரென்று தெரியாமல் தேடுகிறவர்களுக்கு டிஎன்ஏ முடிவுகளை வாசித்து விளக்குகிற வேலையைப் பத்து வருடத்துக்கு மேலாகக் காசு வாங்காமல் செய்து வருகிறேன். கேள்வி கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். தேடுகிறவர் பெயர் வெளியே வந்தால் பரவாயில்லை என்பார், தேடப்படுகிறவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கேள்வி (நெதர்லாந்து): டீச்சர், நான் 1985இல் குழந்தையாகத் தத்துக் கொடுக்கப்பட்டவள். கோப்பில் அம்மாவின் பெயரும் மட்டக்களப்பில் ஒரு விலாசமும் இருக்கின்றன. வருகிற மாதம் நேரே போகலாமா? அல்லது முதலில் டிஎன்ஏ செய்ய வேண்டுமா?

பதில்: மகள், முதலில் எச்சிலைக் கொடுங்கள், பிறகு விமானத்தில் ஏறுங்கள். அந்தக் காலத்துத் தத்துக் கோப்புகளில் தாய் என்று கையெழுத்து வைத்த எல்லாரும் தாய் இல்லை. காசு கொடுத்து வேறு பெண்களைத் தாயாக நிற்க வைத்தார்கள் என்பது 2017இல் உங்கள் நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பெரிதாக வெளிவந்தது. இலங்கை உட்படப் பல நாடுகளில் நடந்த முறைகேடுகளை விசாரணைக் குழு ஒன்று ஆராய்ந்தபிறகு, 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது.

நான் கூடப் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். உங்களைப் போல ஒரு பிள்ளை, கையில் விலாசம். கதவைத் திறந்த அம்மா ஒரு நிமிடம் பார்த்தா, கட்டிப்பிடித்து அழுதா, பிட்டு அவித்துத் தந்தா. பிள்ளையின் காதைத் தொட்டுத் தொட்டு "என்ட காதுதான்" என்றா. இரண்டு பேரும் குழாயில் எச்சில் கொடுத்தார்கள். அம்மா வெத்திலை போடுகிறவ, முதல் குழாய் சிவப்பாகப் போய்ப் பழுதாகிவிட்டது. வாயைக் கொப்பளித்து, அரை மணித்தியாலம் ஒன்றும் தின்னாமல் இருக்க வைத்து மறுகா எடுத்தோம். இரண்டு பேருக்கும் பொதுவான டிஎன்ஏயைச் சென்டிமோர்கன் என்ற அலகில் அளப்பார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் 3,400 சென்டிமோர்கன் அளவில் ஒத்துப்போக வேண்டும். வந்தது பூச்சியம். திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வைச்சன் மகள்" என்றா. அவவில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு தரம் அம்மாவை இழந்தது.

எந்தக் கொம்பனி என்று கேட்பீர்கள். ஆன்செஸ்ட்ரியில் 2 கோடிக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியில் எடுத்த டிஎன்ஏ பைலை அது ஏற்காது, அதனால் எச்சிலை அங்கேயே கொடுக்க வேண்டும். முடிவு வந்ததும் பைலை இறக்கி, வெளியில் எடுத்த பைலையும் ஏற்று ஒப்பிடுகிற ஜெட்மேட்ச், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ என்ற இணையத்தளங்களிலும் ஏற்றுங்கள். உங்கள் உறவு மட்டக்களப்பிலிருந்து அதில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊரில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் வழியாகத்தான் வரும்.

கேள்வி (கல்லடி): டிஎன்ஏ முடிவின் பூர்வீகப் பக்கத்தில் 100 வீதம் தென்னிந்தியா, இலங்கை என்று வந்திருக்கிறது. இதை வைத்து என்னைப் பெற்றவர்கள் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியாது தம்பி. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு உறவுப் பட்டியலைத் திறவுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): என்னை வளர்த்தவர்கள் காலமாகிவிட்டார்கள். பட்டியலில் மேலே நிற்பவர் ரொறன்ரோவில் இருக்கிறார், 455 சென்டிமோர்கன். பெற்றோரில் ஒருவரின் ஒன்றுவிட்ட சகோதரமாக இருக்கலாம் என்று இணையத்தளம் சொல்கிறது. ஆறு மாதமாக அவருடைய குடும்பத்தைத் துருவுகிறேன், ஒருவரும் பொருந்தவில்லை. எங்கே பிழை?

பதில்: பிழை உங்களிடம் இல்லை, இணையத்தளம் போடுகிற கணக்கில். அது வெள்ளைக்காரக் குடும்பத்தை நினைத்துப் போட்ட கணக்கு. எங்கள் ஆட்கள் மச்சானுக்கு மச்சாளைக் கட்டி வைத்தவர்கள், மாமன் மகள் அத்தை மகன் என்று மூன்று தலைமுறை தொடர்ந்து கட்டியவர்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு வழியால் இல்லை, இரண்டு மூன்று வழியால் சொந்தம். கூட்டினால் தொகை பெருக்கும்.

கணக்காகப் பார்ப்போம். பெற்றோரின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் சராசரி 430 அளவு. சாதாரண இரண்டாவது ஒன்றுவிட்ட சகோதரம், அதாவது பாட்டிமார் அக்கா தங்கை, என்றால் 230 அளவு. இனி மாற்றுக் கலியாணத்தை எடுங்கள். ஒரு வீட்டு அண்ணன் தங்கையும் மற்ற வீட்டு அண்ணன் தங்கையும் மாறிக் கட்டினால் அவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கத்தாலும் இரண்டாவது ஒன்றுவிட்ட சகோதரங்கள். 230உம் 230உம் 460. உங்கள் 455 அங்கேயே வந்து நிற்கிறது பாருங்கள். நீங்கள் ஒரு தலைமுறை கிட்டத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு படி மேலே, ரொறன்ரோக்காரரின் பாட்டன் பாட்டிமாருடைய சகோதரங்களிடம் போங்கள்.

அப்புறம் ஒன்று. மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், இருவருக்கும் ஒத்துப்போகிற டிஎன்ஏ துண்டுகளில் ஆக நீளமானது எவ்வளவு என்று பாருங்கள். கிட்டிய உறவென்றால் நீளமான துண்டுகள் சில இருக்கும். பல தலைமுறையாக ஒன்றுக்குள் ஒன்று கட்டியதால் வந்ததென்றால் சின்னத் துண்டுகள் கனக்கக் கிடக்கும். உங்களைப் பெற்றவர்களே மச்சான் மச்சாளா என்பதையும் ஜெட்மேட்சில் ஒரு கருவி சொல்லும். அதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். ஆம் என்று வந்தால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இந்தக் கரையில் அது பாதி வீட்டுக் கதை.

கேள்வி (அக்கரைப்பற்று): டீச்சர், என் உம்மாவைக் கைக்குழந்தையாக வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்களாம். உம்மா என்ன குடி, அதாவது என்ன குலம், என்றே தெரியாது. எனக்கும் குடி இல்லாத மாதிரி இருக்கிறது. தாய்வழி டிஎன்ஏ எடுத்தால் குடி தெரியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தமிழரும் முஸ்லிமும் குடியைத் தாய்வழியால் எடுக்கிறோம். வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. நீங்கள் கேட்ட தாய்வழி டிஎன்ஏ, அதாவது மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏயும் அப்படியேதான், உம்மாவிடமிருந்து மட்டும் வரும். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது "குடி போகிற வழியால் போகும்" என்று சொன்னால் பின்வாங்கு பிள்ளைகளுக்கும் விளங்கும்.

ஆனால் குடிப்பெயரை எச்சில் சொல்லாது. மைட்டோகொண்ட்ரியா மிக மெதுவாக மாறுவது. அச்சொட்டாக ஒத்துப்போகிற இரண்டு பேருக்குப் பொதுவான பாட்டி பல நூறு வருடத்துக்கு முன்னாலும் இருந்திருக்கலாம். அது நன்றாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு: இல்லை என்று சொல்வது. உம்மாவின் சொந்த அக்கா என்று ஒருவரைக் காட்டுகிறார்கள், இரண்டு பேரின் மைட்டோகொண்ட்ரியா வகையும் வேறு என்றால், அவர் ஒரு தாய் வயிற்று அக்கா இல்லை. அத்தோடு விடலாம்.

குடியைக் கண்டுபிடிக்க ஒழுங்கையில் நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு சீதனம், அதையும் தாயின் வளவிலோ பக்கத்து வளவிலோ கட்டிக் கொடுப்பார்கள். அதனால் பழைய ஒழுங்கையொன்றில் வரிசையாக இருக்கிற வீடுகள் பெரும்பாலும் அக்கா தங்கைமாரின் வீடுகள், அவர்களின் மகள்மாரின் வீடுகள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆவணக் காப்பகத்தில் தேடுகிற வம்சாவளி எங்களுக்கு வேலிக்கு வேலி நிற்கிறது. உம்மாவைத் தூக்கிக் கொடுத்த ஒழுங்கை எது என்று மட்டும் பிடியுங்கள். ஒரு கொப்பியில் வீடுகளைக் கீறி, ஒவ்வொரு வளவும் யாருக்கு யார் சீதனமாகக் கொடுத்தது என்று எழுதுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட மூத்தம்மா ஒருவரைப் பிடித்தால் ஒரு பின்னேரத்தில் மூன்று தலைமுறை சொல்லிவிடுவா. பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்த காலத்தை நினைவு வைத்திருக்கிற பெரியவர்களையும் கேளுங்கள். "என் உம்மாவைத் தேடுகிறேன்" என்று தொடங்காதீர்கள், வாய் மூடிவிடும். "இந்த வளவு யாருடைய சீதனம்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாத மூத்தம்மாவை நான் இன்னும் காணவில்லை.

கேள்வி (ஏறாவூர்): பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை. ஆண்வழி டிஎன்ஏ எடுத்தால் குடும்பப் பெயர் கிடைக்குமாமே?

பதில்: வெள்ளைக்காரருக்குச் சிலவேளை கிடைக்கும், ஏனென்றால் அவர்களின் குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. எங்களுக்குத் தகப்பனின் பெயர்தான் முன்னெழுத்து, பேரனில் அதுவும் மாறிவிடும். சாதாரண முழு டிஎன்ஏ சோதனைக்கே காசைப் போடுங்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): பிள்ளையின் தகப்பன் மறுக்கிறார். அவருடைய பல்துலக்கும் பிரஷை எடுத்து அனுப்பினால் கோர்ட்டில் காட்டலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. யாருடைய மாதிரி, யார் முன்னால் எடுத்தது என்ற பதிவு இல்லாத முடிவு கோர்ட்டில் நிற்காது, உங்கள் பக்கம்தான் பழுதாகும். தாபரிப்பு வழக்குப் போட்டு, சட்டத்தரணி மூலம் முறைப்படி சோதனை கேளுங்கள். அந்தச் சோதனையும் வேறு ரகம். அது இருபது அளவிலான இடங்களை மட்டும் எடுத்துத் தாய், பிள்ளை, தகப்பன் மூவரையும் ஒப்பிடும். உறவு தேடுகிற சோதனை ஆறேழு லட்சம் இடங்களை வாசிக்கும். ஒன்றின் முடிவை மற்றதில் போட முடியாது.

கேள்வி (கல்முனை): சுனாமியில் என் தங்கச்சி காணாமல் போனா, அப்போது அவவுக்கு ஒரு வயது. உடல் கிடைக்கவில்லை. யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறா. டிஎன்ஏயால் ஏதும் செய்யலாமா?

பதில்: சுனாமியில் தப்பி உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் 81ஆவதாகப் பதியப்பட்ட குழந்தையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005 பெப்ரவரியில் டிஎன்ஏ முடிவு வந்தபிறகுதான் நீதிமன்றம் பிள்ளையைப் பெற்றோரிடம் கொடுத்தது. அங்கே குழந்தையும் கையில் இருந்தது, உரிமை கேட்டவர்களும் முன்னால் நின்றார்கள். உங்களுக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதனால் நம்பிக்கை தருகிற மாதிரி நான் கதைக்க மாட்டேன்.

ஆனாலும் அம்மாவின் எச்சிலை எடுத்து வையுங்கள். உங்களுடையது இரண்டாம் பட்சம். சகோதரிக்குச் சகோதரி 2,600 அளவில்தான் ஒத்துப்போகும், அம்மா என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. தங்கச்சி எங்காவது வளர்ந்து, ஒருநாள் தானாகக் குழாயில் துப்பினால், அன்றைக்கு அம்மா இல்லாவிட்டாலும் அம்மாவின் பைல் அங்கே இருக்கும். இதை இந்த மாதமே செய்யுங்கள்.

கேள்வி (லண்டன், சொந்த ஊர் திருக்கோவில்): 34 வயதுப் பெண் நான். 58 வயதுப் பெண் ஒருவரோடு 1,720 சென்டிமோர்கன் வருகிறது. தகப்பன் வழி அக்காவா, அத்தையா?

பதில்: தொகை இரண்டுக்கும் ஒன்றுதான், அதை விடுங்கள். எக்ஸ் குரோமோசோமைப் பாருங்கள். தகப்பன் தன்னிடமுள்ள ஒரே எக்ஸை உடைக்காமல் முழுதாக மகளுக்குக் கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன் என்றால் நுனியிலிருந்து அடிவரை ஒத்துப்போக வேண்டும். நடுவில் முறிந்திருந்தால் அக்கா இல்லை. ஆன்செஸ்ட்ரி இதைக் காட்டாது, இருவரும் ஜெட்மேட்சில் ஏற்ற வேண்டும்.

கேள்வி (காத்தான்குடி): டிஎன்ஏ விபரம் பாதுகாப்பா?

பதில்: முழுக்க இல்லை. ட்வென்டிதிரீ அண்ட் மீ என்ற பெரிய கொம்பனி 2025 மார்ச்சில் வங்குரோத்து மனுப் போட்டது. கனபேர் விபரத்தை அழித்தார்கள். 2018இல் அமெரிக்கப் பொலிஸ் ஒரு பழைய கொலைகாரனைப் பிடித்தது ஜெட்மேட்ச் மூலம். எச்சில் உங்களுடையது, ஆனால் அதில் உங்கள் மாமன் மச்சானும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

கேள்வி (சுவிஸ்): அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன், டிஎன்ஏயும் உறுதி. மட்டக்களப்பு டவுனுக்குக் கிட்ட இருக்கிறா. கலியாணம் முடித்துப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. எப்படித் தொடர்பு கொள்வது?

பதில்: கடிதம் வேண்டாம், வேறு ஆள் பிரித்து வாசிப்பார். போன் வேண்டாம், மகனோ மருமகளோ எடுப்பார்கள். கிராம சேவகரிடம் போனால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். வயதான பெண் ஒருவரை அனுப்புங்கள், தனியாக, வேறு சாட்டில்.

இப்படி ஒரு தரம் நானே போனேன். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடிவிட்டு, ஈரச் சேலையோடு ஒரு அம்மா கரையில் இருந்தா. பக்கத்தில் இருந்து, சனநெருக்கடியைப் பற்றிக் கதைத்தேன். மெல்ல, "1983இல் கொழும்பில் ஒரு பிள்ளை பிறந்ததாம், அது சுகமாக இருக்குதாம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அவ குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. சேலைத் தலைப்பைப் பிழிந்தா, மறுகாவும் பிழிந்தா. எழும்பும்போது முகம் திருப்பாமல் கேட்டா: "பொம்பிளைப் பிள்ளைதானே? நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. மகன் வேலைக்குப் போயிருவான்."