உருவம் ஒன்று, உள்ளே வேறு: கணினி கேள்வி-பதில்

கேள்வி: மகன் தேசிய சேவை முடித்து, சேர்த்து வைத்த பணத்தில் பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கணினி பூட்டினான். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 700 வெள்ளி. ஆனால் எந்த விளையாட்டைப் போட்டாலும் திக்கித் திக்கி ஓடுகிறது. சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? (வாசகி, பொங்கோல்)

பதில்: டாக்சி கூப்பிடுவதற்கு முன் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். மேல் பாதியில் யுஎஸ்பி, இணைய வயர், ஆடியோ எல்லாம் நெருக்கியடித்து இருக்கும் பட்டை, எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகையான மதர்போர்டுக்குச் சொந்தம், பெரும்பாலும் அங்கேயும் ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். அதற்குக் கீழே படுக்கைவாட்டில் மூன்று நான்கு போர்ட் வரிசையாக இருக்கிறதே, அதுதான் உங்கள் 700 வெள்ளி. மானிட்டர் வயரை மேலே செருகியிருந்தால் செயலிக்குள் (பிராசசர்) இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ்தான் படத்தை அனுப்பும், காசு கொடுத்த கார்டு கிட்டத்தட்ட சும்மா இருக்கும். இரண்டு போர்ட்டும் ஒரே வடிவம், ஒரே வயர் இரண்டிலும் பொருந்தும், அதனால்தான் இந்தக் குழப்பம். பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலிகளில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. அப்படிப்பட்டதாக இருந்தால் படமே வராது, உடனே தெரிந்துவிடும். படம் வந்து தொலைப்பதால்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால், விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது) ஓடுகிறது என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி 60-இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

அப்புறம், மகனிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. செயலிக்குப் போகும் 8 பின் வயரும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட் வருகிற பக்கமும் எர்த் வருகிற பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பிளாஸ்டிக் வடிவம் கொஞ்சம் மாறியிருப்பதால் சாதாரணமாக உள்ளே போகாது, போகவில்லை என்று அழுத்தித் திணித்தால்தான் ஆபத்து. அதைவிட மோசம், பவர் சப்ளையிலிருந்து (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கழற்றக்கூடிய வயர்கள். பாகத்தில் செருகும் முனைக்குப் பொது விதி உண்டு, பவர் சப்ளையில் செருகும் முனைக்கு இல்லை. பழைய பவர் சப்ளையின் வயரைப் புதியதில் செருகினால் அழகாகப் பொருந்தி, சுவிட்சைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடலாம். மிச்சமாகிப்போன வயர்களைப் பத்திரப்படுத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, இந்த வயர்களை மட்டும் அதன் பவர் சப்ளையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

கேள்வி: 10 கிகாபிட் இணையத் திட்டத்துக்கு மாறினோம். ரௌட்டரும் புதிது. என் கணினியில் வேகச் சோதனை செய்தால் 940 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: இல்லை ஐயா. 940 என்ற எண்ணே பதிலைச் சொல்கிறது. 1 கிகாபிட் போர்ட்டில் நடைமுறையில் கிடைக்கும் உச்ச வேகம் அதுதான். உங்கள் கணினியில் இருக்கும் இணைய போர்ட் அந்த ரகம். 2.5 கிகாபிட், 10 கிகாபிட் போர்ட்டுகளும் அதே எட்டுப் பின், அதே கிளிப், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மதர்போர்டின் மாடல் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டியதுதான்.

2.5 கிகாபிட் கார்டு ஒன்றை உள்ளே பொருத்தலாம், அல்லது யுஎஸ்பி அடாப்டர் வாங்கலாம். அடாப்டரை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2-இன் உச்சமே 480 மெகாபிட், அதில் செருகினால் இப்போது இருப்பதைவிடக் குறைந்துவிடும். வயரைப் பொறுத்தவரை கேட் 5இ என்று அச்சிட்டிருந்தாலே 2.5-க்குப் போதும். 10-க்கு கேட் 6 வேண்டும், அது 55 மீட்டர் வரை தாங்கும், எந்த வீவக அடுக்குமாடி வீட்டிலும் அவ்வளவு தூரம் வராது. ரௌட்டரின் எல்லா போர்ட்டும் 10 என்று நினைத்துவிடாதீர்கள், பல ரௌட்டர்களில் ஒன்றிரண்டுதான் அப்படி.

ஒருவேளை என்றைக்காவது வேகம் திடீரென 95 மெகாபிட் பக்கத்தில் வந்து நின்றால், சுவருக்குள் போகும் வயரில் ஏதோ ஓர் இழை அறுந்திருக்கலாம். 1 கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும், அதனால் இணைப்பு சத்தமில்லாமல் அதற்கு இறங்கிவிடும்.

என்னைக் கேட்டால் 10-க்காக மெனக்கெட வேண்டாம். 2.5 கிகாபிட் என்றால் (எட்டு பிட் ஒரு பைட்) நொடிக்குச் சுமார் 300 மெகாபைட். உங்கள் கோப்புகள் போய் விழுவது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அதால் அவ்வளவு வேகமாக எழுதவே முடியாது.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பாகம் ஒன்று வாங்கி மதர்போர்டில் மாட்டினேன். அது வேலை செய்கிறது, ஆனால் குடும்பப் படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. படங்கள் போய்விட்டனவா? (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பதறாதீர்கள், அநேகமாகப் படங்கள் அப்படியே இருக்கும். சில மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் உள்ளே ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும். எம்.2-இல் ஏதாவது மாட்டினால் அந்த சாட்டா போர்ட் அணைந்துவிடும். கணினியை அணைத்து, மின் வயரைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரை வேறொரு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள். எந்த எண் போர்ட் அணையும் என்பது மதர்போர்டின் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். வந்ததும் முதல் வேலையாகப் படங்களை இன்னொரு இடத்தில் நகலெடுங்கள்.

கேள்வி: காலையில் கணினியைத் திறந்தால் பல வருடங்களுக்கு முந்தைய தேதி காட்டுகிறது, வங்கி இணையத்தளம் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கிறது. வைரஸா? (வாசகர், ஈசூன்)

பதில்: இரவில் சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா? அப்படியானால் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளையே கடிகாரத்தை ஓட்டும், சுவிட்சை அணைத்ததும் பேட்டரிதான் ஓட்ட வேண்டும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, கணினியின் தேதி பின்னால் போனால் அது செல்லாது என்று எச்சரிக்கை வரும். பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான், சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பழையதை எந்தப் பக்கம் மேலே வைத்திருந்தார்கள் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். தீர்ந்ததை மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள், பிள்ளைகள் கையில் எட்டும்படி மேசையில் வைக்காதீர்கள்.

கேள்வி: அலுவலக மடிக்கணினியை யுஎஸ்பி-சி வயரில் மானிட்டரோடு இணைத்தால் படம் வருகிறது. அதே வயரில் என் சொந்த மடிக்கணினியை இணைத்தால் ஒன்றுமே இல்லை. (வாசகர், செங்காங்)

பதில்: எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படம் அனுப்பாது. போர்ட் பக்கத்தில் 'டி' 'பி' எழுத்துகள் சேர்ந்த சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் அனுப்பும். எதுவுமே இல்லையென்றால் மாடல் விவரத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெறும் தரவுக்கும் சார்ஜுக்கும் உள்ள போர்ட் என்றால் வயரை மாற்றிப் பயனில்லை, எச்டிஎம்ஐ இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஹெட்செட்டைக் கணினியின் பச்சை போர்ட்டில் செருகினால் எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. (வாசகி, பிடோக்)

பதில்: பச்சை ஒலி வெளியே போக, மைக்குக்கு இளஞ்சிவப்பு. உங்கள் ஹெட்செட்டின் ஒற்றை முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கைப்பேசிக்கான வகை, ஒலியையும் மைக்கையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் சின்ன வயர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.