மேலுக்குச் சுகமில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு 58 வயது. தம்பி ஷார்ஜாவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து அம்மாவுக்கு மேலுக்குச் சுகமில்லை. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, பிடரி வலிக்கிறது என்கிறாள். மார்த்தாண்டம், நாகர்கோவில், எல்லை தாண்டித் திருவனந்தபுரம் என்று எல்லா இடத்திலும் காட்டிவிட்டோம். எண்டோஸ்கோப்பி, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் 'ஒண்ணுமில்ல, மனசுதான்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனநல டாக்டரிடம் போவோமா என்று கேட்டதற்கு 'என்னை ஊளம்பாறைக்கு (திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி) அனுப்பப் பாக்கியா' என்று அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சித்திமார் 'எல்லாம் நடிப்பு' என்கிறார்கள். சில நேரம் எனக்கும் அப்படித் தோன்றிவிடுகிறது, பிறகு அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?

ச.

அன்புள்ள ச.,

அம்மா நடிக்கவில்லை. சித்திமாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் என் மாமி இதே பாட்டை ஐந்து வருடம் பட்டதைப் பார்த்தவன். நெஞ்சு அடைக்கிறது என்பாள். நானும் மாமாவும் மாறி மாறிக் கூட்டிக்கொண்டு ஓடுவோம். ஈசிஜி நார்மல் என்று வரும். எங்களுக்கு நிம்மதி, அவளுக்கு முகம் விழுந்துவிடும். 'ரிப்போர்ட் நல்லா இருந்தா அழுற ஒரே ஆள் இவதான்' என்று கேலிகூடச் செய்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவளுக்கு வலித்தது; வலிக்கவில்லை என்று ஊர் கூடி, காகிதத்தைக் காட்டிச் சொன்னது.

கடைசியில் ஒரு வயதான டாக்டர், நாங்கள் தூக்கிப்போன பையைத் திறக்காமலே ஒரு கேள்வி கேட்டார். 'காலையில எத்தனை மணிக்கு உறக்கம் தெளியுது?' மாமி சொன்னாள்: 'மூணு மணிக்கு. ரப்பர் பால் வெட்டப் போறவங்க லைட்டு சன்னல்ல அடிக்கும்போ முழிச்சுதான் கெடப்பேன்.' ஐந்து வருடத்தில் எங்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுவது, பிறகு உறங்க முடியாமல் போவது, காலை நேரம் மிக மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேறுவது, இதெல்லாம் மனச்சோர்வு நோயின் பழைய அடையாளங்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவதும் பசி குறைவதும் களைப்பும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நம் பக்கத்தில் உடம்பை 'மேல்' என்கிறோம். மேலுக்குச் சுகமில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவருவாள். 'பையன் இல்லாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவே மனசு வரவில்லை' என்றால், 'மாசாமாசம் பணம் வருதே, உனக்கென்ன குறை' என்பாள். எந்த வார்த்தைக்கு மரியாதை இருக்கிறதோ அந்த வழியாகத்தானே நோய் வெளியே வரும். அதற்காக வலி வெறும் பேச்சு என்று ஆகாது. மனநிலையோடு தொடர்புடைய மூளை ரசாயனங்களான செரடோனின், நோர்அட்ரினலின் இரண்டுக்கும் வலியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளிலும் வேலை உண்டு. அவை சரியாக இயங்காதபோது சாதாரண வயிற்றெரிச்சல்கூடப் பெரிதாகத் தெரியும்.

நீங்கள் எண்டோஸ்கோப்பி எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் வயிற்றுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர், திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே குவிந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அவர் அதிகமாக அறுத்தது குடல்புண். அன்றைக்கு அதற்குக் காரணம் கேட்டால் மிளகாய் என்பார்கள், கவலை என்பார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் வயிற்றில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். புண்ணுக்குக் காரணம் அதுதான் என்று சொன்னதை யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல். கவலைதான் காரணம் என்று திட்டு வாங்கிய எத்தனை வயிறுகளில் கிருமி இருந்ததோ. அதனால் உடம்பை முதலில் பார்ப்பது சரிதான். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, இவையும் ஆளை இப்படிச் சோர்த்துப் போடும். ஆனால் ஒரு தடவை முறையாகப் பார்த்தால் போதும். ஊர் ஊராக ஒன்பது தடவை வேண்டாம்.

ஊளம்பாறை விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, நமக்கு அப்படி. அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியேதான் நம்மை எல்லாம் வளர்த்தார்கள். அம்மா பயப்படுவதில் தப்பில்லை. வயிற்று டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், அங்கே போர்டைப் பார்த்ததும் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். உறக்கத்தில் தொடங்குங்கள். உறக்கம் வரவில்லை என்பதை அவளே ஒப்புக்கொள்வாள், அது உண்மையும்கூட. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மற்ற நோயாளிகளோடு ஓபி சீட்டு எடுத்து உட்கார்ந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் டெலி மானஸ், 14416. அரசு நடத்துவது, காசு இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்தில் 'கேக்கல' என்று நிறுத்திவிடாதீர்கள். மாமிக்கு முதல் வாரம் குமட்டல்தான் வந்தது, அவளைவிட நாங்கள்தான் பதறினோம். இந்த மாத்திரைகள் பிடிக்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கும் அல்பிரசோலம் மாதிரி உறக்க மாத்திரை வேறு. பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டியது அதற்குத்தான். மாமி நான்காவது வாரம் ஒரு நாள் மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வேண்டும் என்றாள். மாமா அந்த வெயிலில் சந்தைக்கு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று கஷ்டமானது. அம்மா 'போய்ச் சேர்ந்தா போதும்' என்கிற மாதிரி பேசினால், காதில் விழாத மாதிரி இருக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

தம்பி தினமும் வீடியோ காலில் வருவான், இல்லையா? என்ன கேட்பான்? 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வலி எப்படி இருக்கு.' அவனிடம் சொல்லுங்கள், புளிமீன் கறிக்குக் குடம்புளி எத்தனை சுளை போட வேண்டும் என்று கேட்கட்டும்.

நாளைக் காலை அம்மாவிடம் எத்தனை மணிக்கு உறக்கம் தெளிகிறது என்று கேட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.