மலை அணைகள்: கேட்டதும் சொன்னதும்

நீலகிரியின் பழைய நீர்மின் அணைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, அணை வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கூடலூர்: பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது, முக்கூர்த்தி அணை 1938. இத்தனை வயதில் தாங்குமா சார்?

வயதை மட்டும் பார்க்காதீர்கள். நான் முதலில் கேட்பது மதகைத்தான். வெள்ளம் வரும் ராத்திரியில் கரண்ட் போனால் ஷட்டர் தூக்குமா? ஜெனரேட்டர் இருந்தால் போதாது, மழைக்கு முன்பே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. பழைய அணைகளின் உபரிநீர் வழியோ அந்தக் காலத்து மழைக் கணக்கில் கட்டியது. மேலே வழிந்தால் கல் அணை கொஞ்சம் தாங்கும், மண் கரை அரித்துப் போய்விடும். 1979-இல் குஜராத்தில் மச்சு அணை அப்படித்தான் போனது, மோர்பி ஊர் மூழ்கியது. அப்புறம், பவர்ஹவுஸுக்குக் கீழே ஆற்றில் இறங்காதீர்கள்.

குன்னூர்: அணையில் கசிவு தெரிந்தால் ஆபத்தா?

கசியாத அணை கிடையாது. நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ, கலங்கலாக வந்தாலோ உடனே அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

கோத்தகிரி: எங்கள் எஸ்டேட் தடுப்பணையின் கீழ்ப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. சிமெண்ட் பூசினோம், கசிவு நின்றுவிட்டது.

ஐயோ! படிந்தது காரையிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு. நீங்கள் நிறுத்தியது வெளியே வரும் தண்ணீரை. உள்ளே வருவது நிற்கவில்லை. அது சுவருக்குள் தேங்கி அழுத்தும். அடித்தளத்தில் சேர்ந்தால் அணையைத் தூக்கவே பார்க்கும். அதனால்தான் பெரிய அணைகளில் அந்தத் தண்ணீர் வெளியேற வடிகால் துளைகளும், அணைக்குள்ளேயே சுரங்கப் பாதையும் வைக்கிறோம். அடைப்பதென்றால் நீர் நிற்கும் பக்கம் அடையுங்கள்.

கோத்தகிரி (மறுபடி): பத்து வருஷமாக நிற்கிறதே சார். எங்கள் மேஸ்திரி அனுபவசாலி.

மேஸ்திரி சுவருக்கு அனுபவசாலி. பத்து வருஷத்தில் விளிம்பு வரை எத்தனை முறை நிரம்பியது? அதைச் சொல்லுங்கள்.

குன்னூர் (இடையில்): நாங்களும் அப்படித்தான் பூசினோம். இடிக்கணுமா?

அணையை இடிக்க வேண்டாம். பூச்சைக் கொத்தி எடுங்கள், அதுவும் நீர்மட்டத்தை இறக்கிவிட்டு, ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிய பிறகு.

கோத்தகிரி: முழுசாக நிரம்பவே இல்லை.

அதுதான் கேட்டேன். முழு அழுத்தத்தை அது இன்னும் பார்க்கவே இல்லை.

மஞ்சூர்: சிறிய அணைகளுக்குச் சட்டம் உண்டா?

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம். 15 மீட்டருக்கு மேல் உயரமானவை வரும். 10 முதல் 15 மீட்டர் உள்ளவை சில நிபந்தனைகளோடு வரும். மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். எஸ்டேட் தடுப்பணைகள் பெரும்பாலும் இதற்குள் வராது, அதுதான் என் கவலை.

ஊட்டி: முல்லைப் பெரியாறு உடையுமா?

மறுபடியுமா? அது வேறு மலை, வேறு வழக்கு. இங்கே வேண்டாம்.

குந்தா: பவர்ஹவுஸ் பக்கம் மீன் பிடிக்க நல்ல இடம் எது?

மீன்வளத் துறையைக் கேளுங்கள். மெஷின் ஓடத் தொடங்கினால் தண்ணீர் மளமளவென்று ஏறும். முதல் பதிலின் கடைசி வரியைப் படிக்கவில்லையா?