மிடி கோப்பிலிருந்து கீபோர்டுக்கு ஸ்டைல் செய்ய மென்பொருள் ஒன்றே போதுமா?

பாட்டின் மிடி கோப்பை (எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் அடங்கிய கோப்பு) மாற்றும் மென்பொருளில் போட்டால் ஸ்டைல் (இடக்கைக்கு ஏற்பக் கீபோர்டு தானே வாசிக்கும் தாளமும் பின்னணியும்) தானாகவே வந்துவிடும் என்று நண்பர் சொன்னதாகவும், அப்படி வந்த ஸ்டைல் சில கார்டுகளுக்கு (சேர்த்துப் பிடிக்கும் சுரக்கூட்டுகளுக்கு) மட்டும் அபசுரமாகப் பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது என்னுடையதைப் போல யமஹா பிஎஸ்ஆர்-எஸ் வரிசைக் கீபோர்டு என்றும், அடுத்த முகூர்த்தத்துக்குள் அந்த ஸ்டைலைச் சரிசெய்தாக வேண்டிய அவசரத்தில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். கோர்க் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும். சங்கதி ஏறக்குறைய இதுதான்.

நான் இசைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துப் பிழைப்பவன். ஆகவே கீழே எழுதுவதை இலக்கணச் சுத்தமாக அளந்து பார்க்க வேண்டாம். மேடையில் மானம் போன பிறகு கற்றுக்கொண்டது என்ற அளவில் நம்பலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருவாரூர்ப் பக்கம் ஒரு திருமண வரவேற்புக்காக, எஃப் மைனரில் அமைந்த ஒரு பாட்டின் மிடி கோப்பிலிருந்து நான்கு பார்களை (தாளச் சுற்றுகளை) வெட்டியெடுத்து, சி-க்கு இறக்கி, மென்பொருளின் துணையோடு ஒரு ஸ்டைல் தயாரித்தேன். வீட்டில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. மேடையிலும் முதல் பாட்டு அமைதியாக முடிந்தது. அதே நடையில் இருந்த அடுத்த பாட்டுக்கும் அந்த ஸ்டைலையே ஓடவிட்டேன். அது மேஜரில் அமைந்த பாட்டு. பாட வந்த பெண் பல்லவியின் முதல் வரியிலேயே தடுமாறி, மைக்கை விலக்கி, "அண்ணே, சுருதியை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். நான் பதற்றத்தில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டி, இருந்ததையும் கெடுத்தேன். கடைசியில் ஸ்டிரிங்ஸ் சேனலை (வயலின் கூட்டம் ஒலிக்கும் தனித் தடத்தை) அணைத்துவிட்டு, தாளத்தையும் பேஸையும் மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ கரை சேர்ந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்த நாகஸ்வரக்காரர், கீபோர்டைத் தொட்டே பார்க்காதவர், நோயின் பெயரைச் சொன்னார்: "தம்பி, ரெண்டு காந்தாரமும் ஒரே நேரத்துல பேசுது."

அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கும் பதில் என்று நினைக்கிறேன். யமஹா ஸ்டைல் கோப்பு என்பது ஒரு மிடி கோப்பும், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் காஸம் என்ற விதிப் பகுதியும்தான். ஒவ்வொரு சேனலும் எந்தக் கார்டில் பதிவானது, இடக்கையில் வேறு கார்டு பிடித்தால் சுரங்களை எப்படி நகர்த்த வேண்டும் என்பவை அந்த விதிகளில் இருக்கின்றன. தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், பதிவு சி மேஜர் 7-இல் (சி, ஈ, ஜி, பி) இருப்பதாகவே கீபோர்டு எடுத்துக்கொள்ளும். நான் கொடுத்த பார்களில் இருந்ததோ சாதாரண காந்தாரம், அதாவது ஈ ஃப்ளாட். மேஜர் கார்டுக்குள் அது இல்லாத சுரம் என்பதால், கீபோர்டு அதைத் திருத்த வேண்டிய சுரமாகவே கருதாமல் அப்படியே ஒலிக்கவிட்டது. மைனர் பிடித்தபோது அது பொருந்தியதால் வீட்டில் பிழை மறைந்திருந்தது. மேஜர் பிடித்தபோது பாடகியின் அந்தர காந்தாரத்தோடு, அதாவது ஈ-யோடு, மோதியது. பேஸ் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டாததால் அது மட்டும் தப்பியது.

காஸத்தில் அந்த ஸ்டிரிங்ஸ் சேனலின் சோர்ஸ் கார்டை, அதாவது பதிவான கார்டை, சி மைனர் என்று மாற்றிவிடுவது ஒரு வழி. நான் அதைவிட, சுரங்களையே கையால் திருத்தி சி மேஜர் 7-க்குக் கொண்டுவருவதை விரும்புகிறேன். மேஜரிலிருந்து மைனருக்குப் போகும் வழி கீபோர்டுக்கு நன்றாகப் பழகியது. மெயின் பகுதிகளிலும் (பாட்டு முழுவதும் சுற்றிவருபவை) ஃபில்களிலும் (இடையில் வரும் சிறு நிரப்புகள்) சி, டி, ஈ, ஜி, ஏ, பி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஃப், அதாவது சுத்த மத்தியமம், பாட்டில் எத்தனை அழகாக இருந்தாலும் அங்கே வேண்டாம். இன்ட்ரோவிலும் எண்டிங்கிலும் இந்தக் கட்டுப்பாடு தளரும். பாட்டிலிருந்து எதை எடுப்பது என்பதைவிட எதைக் கழிப்பது என்பதுதான் இந்த வேலை. அதற்குக் காது வேண்டும், மென்பொருளிடம் அது கிடையாது.

அடுத்தது தாளம். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கின்படி மிடி கோப்பில் டிரம்ஸ் எல்லாம் 10-ஆம் சேனலில் இருக்கும். யமஹா ஸ்டைலில் ரிதம் 1-க்கு 9, ரிதம் 2-க்கு 10, பேஸுக்கு 11 என்று தொடங்கி 16 வரை எட்டுச் சேனல்கள். நான் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் ஆகியவற்றை 10-இல் விட்டுவிட்டு, தபலா, டோலக் போன்றவற்றை 9-க்குப் பிரிக்கிறேன். பிரித்த சேனலுக்கு டிரம் கிட்டைக் குறிக்க மறந்தால் டோலக் பியானோவாகப் பேசும். அதைவிட முக்கியம், ரிதம் சேனல்களுக்கு ரூட் ஃபிக்ஸ்டு, பைபாஸ் (கார்டு மாறினாலும் சுரத்தை நகர்த்தாதே என்பவை) என்ற இரண்டு விதிகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இல்லாமல், எஃப் பிடித்ததும் சுரங்கள் ஐந்து அரைச் சுரம் மேலே நகர்ந்தால், மிடி சுர எண் 36-இல் இருந்த கிக், 38-இல் இருந்த ஸ்னேர், 42-இல் இருந்த ஹை-ஹாட் மூன்றுமே டாம் என்ற வேறு முரசுகளாகிவிடும். வெட்டிய பார்களின் கடைசியில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் நடுநிலைக்குத் திரும்பாமல் நின்றிருந்தாலும் அபசுரம்தான். சுரங்களில் பிழை காணாவிட்டால் அங்கே தேடுங்கள்.

குவான்டைஸ், அதாவது அடிகளைத் தாளக் கோட்டில் நேராக நிறுத்துவது பற்றி ஒன்று. நையாண்டி மேளத்தின் 6/8 நடையில் ஒரு ஸ்டைல் செய்தபோது, தவிலின் தொப்பி அடிக்குக் கீபோர்டின் கனத்த டோலக் ஒலியையும், வலந்தலைக்கு டிம்பாலேயையும் வைத்தேன். முழுவதும் குவான்டைஸ் செய்ததும் தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஆகிவிட்டது. கைச்சொற்களைத் தட்டியபடியே விட்டுவிட்டு, முதல் அடியை மட்டும் கோட்டில் வைத்த பிறகுதான் கரகம் எடுப்பவரின் கால் அதற்கு அசைந்தது. இப்படிச் செய்து தவில்காரர் வயிற்றில் அடிக்கிறாயே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டு பேருக்கு மட்டுமே சம்பளம் பேசப்படும் கச்சேரிகளில்தான் இதை வாசிக்கிறேன். தவில் வந்த மேடையில் ரிதம் 1-ஐ அணைத்துவிடுகிறேன். இத்தனை பாடுபட்டுச் செய்த அந்த ஸ்டைல், பென் டிரைவில் முந்நூறு ஸ்டைல்களோடு சேர்த்து விலைக்கு என்னிடமே வந்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது ஃபில்லில் நான் திருத்த மறந்திருந்த ஒரு சுரத்தை வைத்துத்தான் அது என்னுடையது என்று கண்டுகொண்டேன்.

மென்பொருளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்களை வெட்டுவதற்கும் மெயின் ஏ, ஃபில் இன் என்று பெயர் ஒட்டுவதற்கும் இன்றும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் பிறகு ஒவ்வொரு மெயின் பகுதியிலும் சி, சி மைனர், எஃப், ஜி7, ஏ மைனர் ஆகியவற்றை நான்கு நான்கு பார் ஓடவிட்டு, வலக்கையில் அந்தந்தக் கார்டின் காந்தாரத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக் கேட்கிறேன். மோதினால் சேனல்களை ஒவ்வொன்றாக அணைத்துக் குற்றவாளியைப் பிடிக்கிறேன். உங்கள் ஸ்டைலில் மேஜர் கெடுகிறதா, மைனர் கெடுகிறதா என்பதையும், எடுத்த பார்கள் பாட்டில் எந்தக் கார்டில் இருந்தன என்பதையும் எழுதுங்கள்.